இயந்திரம் எந்த வேலையைத் தொடும், எதை விடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் பக்கத்துப் பள்ளிகளில் மேற்படிப்பு ஆலோசனைக்குப் போய் உட்காருவது என் வழக்கம். முன்பெல்லாம் கட் ஆஃப், கல்விக்கடன், விடுதி என்று கேட்பார்கள். சில வருடமாகக் கேள்விகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஆட்டோமேஷன், ரோபோ, ஏஐ எல்லாம் ஒண்ணுதானா சார்?

ஒன்றல்ல. ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோவுக்கு எந்த இடத்தில், எத்தனை நொடி சூடு வைக்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். மனிதன் விதி எழுதுகிறான், இயந்திரம் அதை நடத்துகிறது.

ஒரு கடிதத்தின் சாரத்தைச் சொல், இந்த எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது பார் என்பதையெல்லாம் யாராலும் விதியாக எழுத முடியாது. அப்படிப்பட்டவற்றை ஏராளமான மாதிரிகளைப் பார்த்துப் பழகிச் செய்வது ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு. விதியாக எழுத முடியாது என்பதாலேயே இத்தனை நாள் தப்பித்திருந்த மேசை வேலைகள் பல இருந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் பேச்சு சூடுபிடித்தது அவற்றை வைத்துத்தான்.

2. 47 சதவீத வேலை போயிடும்னு எங்கயோ படிச்சேன். உண்மையா?

அந்த எண் உண்மையான ஆய்விலிருந்து வந்தது. ஆனால் ஆய்வு சொன்னது வேறு. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம், இயந்திரத்தால் செய்யப்படும் வாய்ப்பு அதிகமுள்ள பிரிவில் இருக்கிறது என்றார்கள். போய்விடும் என்று சொல்லவில்லை. எப்போது என்றும் உறுதி சொல்லவில்லை. இந்தியாவைப் பற்றியும் அது பேசவில்லை.

2016-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடிக்காக வேறு மூவர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். தொழிலை மொத்தமாக எடுக்காமல், அதற்குள் ஆட்கள் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். எண் 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. எண்ணிய முறை மாறியதும் விடையும் மாறியது. ஒரே சதவீதத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

3. அப்போ ஒரு வேலை தாங்குமா தாங்காதான்னு எப்படிப் பாக்கறது?

வேலையின் பெயரைப் பார்க்காமல், அந்த வேலையில் இருப்பவரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்வதைத் துண்டு துண்டாகப் பிரித்தால் சில விஷயம் தெரியும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற பகுதி எவ்வளவு? திரையில் வந்து திரையிலேயே முடிகிற பகுதி எவ்வளவு? இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறுகிற சூழலில் கையாலோ முகம் பார்த்தோ செய்கிறது எவ்வளவு? தப்பு நடந்தால் யார் கையெழுத்துக்கு யார் பதில் சொல்வது?

முதல் இரண்டும் அதிகமிருந்தால் இயந்திரம் நெருங்கும். பின்னிரண்டும் அதிகமிருந்தால் தள்ளி நிற்கும். இதோடு ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொள்வேன், எனக்கு அதுதான் மிக முக்கியம்: புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் இரண்டு வருடம் எந்தத் துண்டைக் கொடுக்கிறார்கள்? ஏணியின் மேல்படி உறுதியாக இருந்து கீழ்ப்படி மட்டும் உடைந்த தொழில்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பவர் "எங்க ஃபீல்டுக்கு ஒண்ணும் ஆகல" என்று சத்தியமாகவே சொல்வார். வெளியே நிற்கிற உங்கள் பிள்ளைக்கு அந்தப் பதில் பயன்படாது.

4. உடம்பால செய்யற வேலைதானே முதல்ல போகும்? படிச்சவங்களுக்கு என்ன பயம்?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். அறிவுத்திறன் தேர்வு எழுதுவதும் செக்கர்ஸ் என்கிற காய் நகர்த்தும் ஆட்டமும் கணினிக்குச் சுலபம், ஒரு வயதுக் குழந்தை செய்கிற பார்ப்பது, நடப்பது, பிடிப்பது அதற்குக் கஷ்டம் என்று ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதினார்.

திருப்பூரைப் பாருங்கள். துணி பின்னுவது இயந்திரம், சாயம் இயந்திரம், பேட்டர்ன் போடுவது கணினி, பெரிய கம்பெனிகளில் துணி வெட்டுவதும் இயந்திரம். தையலுக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. இரும்புத் தகடு வைத்த இடத்தில் இருக்கும். பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண் விரல் நுனியில் அந்த இழுவையை உணர்ந்து கணத்துக்குக் கணம் சரிசெய்கிறார். அடிடாஸ் நிறுவனம் ஷூ தயாரிப்பையே ரோபோக்களிடம் கொடுக்கிறோம் என்று ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைகள் திறந்தது. 2019-இல் மூடுவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாம், சீனாவில் உள்ள தன் சப்ளையர்களிடம் கொண்டுபோனது.

ஆனால் உடலுழைப்பு என்றாலே பாதுகாப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்டாவில் நெல் அறுவடைக்கு இறங்கிய ஆட்கள் இருந்த இடத்தில் இன்று அறுவடை இயந்திரம் நிற்கிறது. ஒரே பயிர், ஒரே உயரம், சமமான வயல். இயந்திரத்துக்கு அதைவிட வசதியான இடம் ஏது? அதே டெல்டாவில் தென்னை ஏற ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்.

5. பேங்க்ல கம்ப்யூட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்க. ஒண்ணும் ஆகலையே?

ஆகியிருக்கிறது. சத்தம் இல்லாமல் ஆகியிருக்கிறது. 1960-களில் எல்ஐசிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கல்கத்தாவில் ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வங்கிகளைக் கணினிமயமாக்கச் சொல்லி ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை கொடுத்தபோதும் எதிர்ப்பு இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததற்காக யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. 2000–01-இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். அதன்பின் கிளைகளும் கணக்குகளும் பெருகின, ஆனால் லெட்ஜர் எழுதவும் பாஸ்புக் பதியவும் வரிசையாக உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் பழைய அளவில் திரும்ப வரவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு திருப்பம் நடந்தது. ஏடிஎம் வந்ததும் நகரக் கிளை ஒன்றுக்குச் சராசரியாக 20 ஆக இருந்த கேஷியர்கள், 1988-க்கும் 2004-க்கும் இடையில் 13 ஆனார்கள். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கிளைகள் திறந்தன. மொத்தக் கேஷியர் எண்ணிக்கை விழவில்லை. செல்போனில் வங்கி வந்த பிறகுதான் அங்கே சரிவு தொடங்கியது. "அப்பவும் பயந்தாங்க, ஒண்ணும் ஆகல" என்கிற கதை பாதியில் நிறுத்திச் சொல்லப்படுகிற கதை.

6. பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்ங்கறான். எடுக்கலாமா வேண்டாமா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நேராகச் சொல்கிறேன்: "சீட் கிடைச்சிட்டா வேலை கிடைச்ச மாதிரி" என்ற காலம் முடிந்துவிட்டது. அதற்காகப் படிப்பே வீண் என்றில்லை.

நம் ஊர் ஐடி சேவை நிறுவனங்கள் ஓடிய விதத்தை நினைத்துப் பாருங்கள். வருடா வருடம் கல்லூரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஃப்ரெஷர்களை எடுத்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, டெஸ்டிங், சின்னச் சின்னத் திருத்தம், பழைய மென்பொருளைப் பராமரிப்பது என்று உட்கார வைப்பார்கள். அந்த ஃப்ரெஷரின் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்து வருடத்துக்கு மேல் நின்றுபோனது. ஏஐ இப்போது நன்றாகச் செய்வது சரியாக அந்தத் துண்டு வேலைகளைத்தான். அதாவது மூன்றாவது பதிலில் சொன்ன கீழ்ப்படியை. அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை 2025-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஏஐ அதிகம் தொடுகிற வேலைகளில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு குறைந்திருந்தது. அதே வேலைகளில் மூத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. இதற்கு ஏஐ மட்டும் காரணமா என்ற விவாதம் நடக்கிறது. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் ஒரு காரணம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

பையனுக்கு அதில் நிஜமான ஆர்வம் இருந்தால், இப்போதே சொந்தமாக எதையாவது செய்து உடைத்துப் பார்க்கிறவனாக இருந்தால், எடுக்கட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தான் என்பதற்காக, கணக்கே பிடிக்காத பையனை மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்டிச் சேர்ப்பதை நான் தடுப்பேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், வேளாண்மை எதைப் படித்தாலும் அதோடு நிரல் எழுதவும் தெரிந்தவருக்கு மதிப்பு குறைந்ததாக நான் பார்க்கவில்லை.

7. பி.காம் முடிச்சு அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போறது? சிஏ?

இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பில்லைப் பார்த்து டாலியில் என்ட்ரி போடுகிற வேலை வேகமாகச் சுருங்குகிறது. ஜிஎஸ்டி 2017-இல் வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு 2020-இல் தொடங்கிய இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவாகும் டிஜிட்டல் பில்), 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் வரை இறங்கி வந்துவிட்டது. விற்றவர் போட்ட பில், வாங்கியவரின் கணக்குக்கு இணையம் வழியாகவே போய்ச் சேர்கிறது. நடுவில் அதைத் தட்டச்சு செய்ய ஆள் எதற்கு?

சிஏ முடித்த ஆடிட்டரின் கையெழுத்து வேறு. அதற்குச் சட்டப் பொறுப்பு உண்டு. நோட்டீஸ் வந்தால் அதிகாரி முன் போய் உட்கார வேண்டியது மென்பொருள் அல்ல. ஆனால் இங்கேயும் கீழ்ப்படியைப் பாருங்கள்: ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிக்கிறவர்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் பெறும் கட்டாயப் பயிற்சி) பிள்ளைகள் வவுச்சர் சரிபார்த்துத்தான் தொழில் பழகினார்கள். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம்தான். எந்த அலுவலகத்தில் சேர்கிறோம், அங்கே என்ன வேலை கொடுப்பார்கள் என்பது முன்பைவிட முக்கியம்.

8. டாக்டருக்கு ஆபத்தே இல்லைல்ல?

2016-இல் ஏஐ துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்டுகளுக்கு (எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களுக்கு) பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும், பத்து ஆனாலும் ஆகலாம் என்றார். அமெரிக்காவில் இன்று அந்தத் துறையில் ஆள் பற்றாக்குறை. ஸ்கேன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. படம் பார்ப்பது ரேடியாலஜிஸ்ட் செய்கிறவற்றில் ஒரு துண்டுதான்.

நம் பக்கத்து உதாரணம்: சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கூகுளின் ஏஐ பற்றிய ஆய்வு 2016-இல் வெளியானது. அதற்குக் கண் படங்கள் கொடுத்தவர்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. நோயாளிகள் மிக அதிகம், கண் மருத்துவர்கள் குறைவு என்கிற இடத்தில் இயந்திரம் யார் வேலையையும் பிடுங்கவில்லை. வரிசையில் யாரை முதலில் பார்ப்பது என்று பிரித்துக் கொடுக்கிறது.

ஆனால் மருத்துவத்தைச் சுற்றியிருந்த ஒரு வேலை போனது. 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கற்றுத்தரும் மையங்கள் நிறைய முளைத்தன. அமெரிக்க டாக்டர் பேசிய ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும், தட்டச்சு செய்தவர்கள் முதலில் பிழைதிருத்துபவர்கள் ஆனார்கள். பிறகு அத்தனை பேர் தேவைப்படவில்லை. நர்சிங் பற்றிக் கேட்பவர்களுக்கு: மூன்றாவது பதிலின் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள், விடை நீங்களே சொல்வீர்கள். அங்கே பிரச்சினை இயந்திரம் அல்ல, தனியார் மருத்துவமனைச் சம்பளம்.

9. ஐடிஐ படிச்சா ஒரு மாதிரியா பாக்கறாங்க. ஆனா அதுதான் சேஃப்னும் சொல்றாங்களே?

எந்த டிரேடு, எந்த இடம் என்பதைப் பொறுத்தது. வெல்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை இருக்கிறது. கார் லைனில் ஒரே மூட்டைத் திரும்பத் திரும்பப் பற்றவைக்கிற வேலையை ரோபோ எடுத்துக்கொண்டது. பழைய ஆலையில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால், இடுக்கில் படுத்துக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் மூட்டைப் பார்த்துப் பற்றவைக்கிறவரிடம் ரோபோ நெருங்கவே முடியாது. எலெக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், லிஃப்ட் பராமரிப்பவர் எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஒவ்வொரு வீட்டு வயரிங்கும் ஒவ்வொரு விதம்.

ஒரு எச்சரிக்கை. இயந்திரம் எடுக்காது என்பதும் நல்ல சம்பளம் வரும் என்பதும் வேறு வேறு. இயந்திரத்தைவிட மனிதன் மலிவாகக் கிடைக்கிறான் என்பதற்காகவே சில வேலைகள் மனிதனிடம் கிடக்கின்றன. கழிவுநீர்க் குழியில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்தது. கேரளத்தில் உருவான பேண்டிகூட் ரோபோவும் 2018 முதல் இருக்கிறது. இன்னமும் ஆளை இறக்குகிறார்கள், சாகிறார்கள். அந்த வேலையை இயந்திரம் சீக்கிரம் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்வேன்.

10. டிரைவர் வேலை?

அமெரிக்காவின் சில நகரங்களில் ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்சிகள் காசுக்கு ஓடுகின்றன. இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம், வேலை போகும் என்று 2017-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராக இருந்த நிதின் கட்கரி சொன்னார். நம் சாலைகளும் ஒரு தடை. தண்டவாளத்தில் நிலைமை வேறு: டெல்லி மெட்ரோவில் 2020-இல் ஓட்டுநர் இல்லாத ரயில் தொடங்கியது, சென்னை மெட்ரோ இரண்டாம் கட்ட ரயில்களும் அந்த வகைதான். குறுக்கே மாடு வராத பாதை என்றால் இயந்திரத்துக்குச் சுலபம்.

11. மொழிபெயர்ப்பு, டிசைன், எழுதற வேலை? வக்கீல்?

முதல் மூன்றும் திரையில் தொடங்கித் திரையில் முடிபவை. அடி இங்கே பலமாகவே விழுகிறது. "மெஷின் மொழிபெயர்த்தாச்சு, நீங்க சரி மட்டும் பண்ணிக் குடுங்க" என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். பல சமயம் முதலிலிருந்து எழுதுவதைவிட அதைச் சரிசெய்ய அதிக நேரமாகும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ் வந்தபோது சுவர் விளம்பரமும் பேனரும் எழுதிய ஓவியர்களுக்கும் இதேதான் நடந்தது. கொஞ்சம் பேர் கணினி கற்றுக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்கு உள்ளே போனார்கள். நிறையப் பேர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள்.

வழக்கறிஞருக்குத் தேடுவதும் வரைவு எழுதுவதும் குறையும், நீதிமன்றத்தில் நின்று வாதாடுவது தொடரும். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்ட வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பொறுப்பு யாருக்கு என்பதை அந்த நீதிபதி தெளிவாகவே சொல்லிவிட்டார்.

12. கவர்மென்ட் வேலை வாங்கிட்டா நிம்மதிதானே?

வாங்கியவருக்கு நிம்மதி. ஐந்தாவது பதிலில் சொன்ன வங்கிக் கதைதான் இங்கேயும்: உள்ளே இருப்பவரை அனுப்ப மாட்டார்கள், அவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே இருக்கும், அல்லது ஒப்பந்தத்துக்குப் போகும். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணியிடம் இன்னமும் வருகிறது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளும் நடக்கின்றன. அரசு மெதுவாக மாறும். அதை நம்பி 28 வயது வரை தேர்வு மட்டுமே எழுதிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

13. மெஷின் வந்தா வேலை கூடும்னு ஒருத்தர் சொல்றார், குறையும்னு ஒருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

விலை குறைந்தால் மக்கள் அதை இன்னும் எவ்வளவு வாங்குவார்கள் என்பதில் விடை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு கஜம் துணி நெய்யத் தேவையான உழைப்பில் 98 சதவீதத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. நெசவாலை வேலைகள் அப்போது கூடின. துணி மலிவானதும், ஒரே சட்டை வைத்திருந்தவர்கள் பல சட்டை வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் எல்லோரிடமும் போதுமான துணி வந்துவிட்டது. பிறகு வேலை குறையத் தொடங்கியது. சோறு அப்படியல்ல. அரிசி மலிவானால் யாரும் ஐந்து வேளை சாப்பிடப் போவதில்லை.

முழுசாகவே மறைந்த தொழில்கள் குறைவு. அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்புப் பட்டியலில் இருந்த தொழில்களில், ஆட்டோமேஷனால் அடியோடு போனது லிஃப்ட் இயக்குபவர் ஒன்றுதான் என்று பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸன் காட்டினார். (நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அவர் இன்னும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார், அது வேறு கதை.) எனவே மகள் படிக்க நினைக்கிற துறையில் இதைக் கேளுங்கள்: இந்தச் சேவை பாதி விலைக்குக் கிடைத்தால், இன்று வாங்காத யார் நாளை வாங்குவார்கள்? கண் சிகிச்சைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று யாரும் இரண்டு முறை வருமான வரி தாக்கல் செய்ய மாட்டார்கள்.

14. ஏஐ புதுசா வர்றவங்களுக்குத்தான் அதிகம் உதவுதுன்னு ஒரு ஆய்வு சொல்லுது. நீங்க அவங்களுக்குத்தான் ஆபத்துங்கறீங்க. ரெண்டும் எப்படிச் சரியா இருக்கும்?

நல்ல கேள்வி. இதை ஒரு மாணவிதான் கேட்டார். அந்த ஆய்வு 2023-இல் வந்தது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த சுமார் 5,000 பேருக்கு ஏஐ உதவி கொடுத்தபோது சராசரியாக 14 சதவீதம் கூடுதலாக வேலை முடித்தார்கள். புதியவர்கள், திறன் குறைந்தவர்கள் 34 சதவீதம் கூடுதலாக முடித்தார்கள். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றமில்லை.

இரண்டும் சரிதான். அந்தப் புதியவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர். சில மாதத்தில் அவர் பழையவரைப் போல வேலை செய்கிறார். நல்லது. ஆனால் முதலாளி இதைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்? பத்துப் பேர் செய்ததை எட்டுப் பேர் செய்கிறார்களே, அடுத்த முறை எட்டுப் பேரை எடுத்தால் போதுமே என்று நினைக்கலாம். வேலை குவிந்து கிடக்கிற நிறுவனமாக இருந்தால் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு கூடுதல் ஆர்டர் எடுக்கலாம். பதின்மூன்றாவது பதில்தான் இங்கே முடிவு செய்கிறது.

15. சரி, காலேஜ்ல பணம் கட்டறதுக்கு முன்னாடி நாங்க போய் என்ன கேக்கணும்?

பிளேஸ்மென்ட் சதவீதத்தைக் கேட்காதீர்கள், அதை எப்படியும் சுவரில் ஒட்டியிருப்பார்கள். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேரை, எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு சேரும் தேதி தள்ளிப்போனவர்கள் உண்டா என்றும் கேளுங்கள். அதிகபட்சச் சம்பளம் சொல்வார்கள். பட்டியலில் நடுவில் இருக்கிற மாணவரின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பிறகு அந்தக் கல்லூரியில் படித்து வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆன ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். ஊரில் யாராவது இருப்பார்கள். துறையில் இருபது வருடம் இருக்கிற மாமாவிடம் கேட்பதைவிட இது மேல். சேர்ந்த முதல் ஆறு மாதம் என்ன கொடுத்தார்கள், அதில் எவ்வளவை இப்போது ஏஐ செய்கிறது, அவருக்குப் பிறகு அந்த டீமுக்குப் புதிதாக யாராவது வந்தார்களா என்று கேளுங்கள்.